க்யூஎல்இடி டிவியில் குவாண்டம் டாட் நிஜமாகவே எரிகிறதா?

கேள்வி, 24 செப்டம்பர் 2023

தீபாவளிக்கு 55 அங்குல டிவி வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் க்யூஎல்இடி என்று ஒன்றைக் காட்டி, "இதில் ஒவ்வொரு புள்ளியும் தானாக எரியும் சார், குவாண்டம் டாட்" என்கிறார்கள். சாதா எல்இடி டிவியைவிட பதினெட்டாயிரம் கூடுதல். எதிர்க் கடைக்காரர் அதெல்லாம் வெறும் ஸ்டிக்கர் என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

24 செப்டம்பர், இரவு 9.50

தானாக எரியாது. க்யூஎல்இடி என்று இன்று கடையில் விற்பதெல்லாம் அடியில் எல்சிடிதான். பின்னால் நீல எல்இடிகள் எரியும். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்குள் குவாண்டம் டாட், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகத் துணுக்குகள். பொருள் ஒன்றுதான், துணுக்கின் அளவை மாற்றினால் நிறம் மாறும். நீல ஒளி அதில் விழுந்ததும் ஒரு பங்கு பச்சையாகவும் ஒரு பங்கு சிவப்பாகவும் மாறும், மிச்சம் நீலமாகவே கடந்துவிடும். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. அப்புறம் வழக்கம்போல எல்சிடி கதவைத் திறந்து திறந்து மூடும். டாட்டுக்கு மின்சாரமே போவதில்லை. திருவிழாவில் டியூப் லைட்டைச் சுற்றிக் கலர் பேப்பர் கட்டுவார்களே, அந்த வேலைதான். பெயரில் மட்டும் எல்இடி. சுத்த ஏமாற்று.

24 செப்டம்பர், இரவு 10.30

கலர் பேப்பர் என்று எழுதியது தப்பு. படுத்த பிறகு உறைத்தது, எழுந்து வந்து எழுதுகிறேன். சிவப்புப் பேப்பர் மற்ற நிறங்களைத் தின்றுவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே விடும், அவ்வளவுதான். நீல விளக்கில் அதைச் சுற்றினால் இருட்டுதான் வரும். டாட் அப்படி இல்லை. 450 நானோமீட்டர் அலைநீள நீலத்தை விழுங்கிவிட்டு 630 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பைத் திருப்பிக் கொடுக்கிறது (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சில்லறை மாற்றுவது மாதிரி, ஆனால் கமிஷன் உண்டு. நீல ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின் ஆற்றல் 2.76 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கு அலகு), சிவப்பினுடையது 1.97. ஒரு ஃபோட்டான்கூட வீணாகாமல் மாற்றினாலும் நூற்றுக்குச் சுமார் 29 பங்கு சூடாகப் போயே தீரும்.

25 செப்டம்பர்

"ஒரே பொருள், அளவை மாற்றினால் நிறம் மாறும் என்கிறீர்கள், எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். காட்மியம் செலினைடை எடுத்துக்கொள்வோம். குறைகடத்தி, சிலிக்கான் மாதிரி. ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். எலக்ட்ரான் திரும்ப விழும்போது அந்த உயர வித்தியாசம் ஒளியாக வரும். பெரிய கட்டியில் அந்த உயரம் 1.74 எலக்ட்ரான் வோல்ட், கண்ணுக்கு எட்டும் சிவப்பின் கடைசி ஓரம். கட்டியைச் சில நானோமீட்டர் துணுக்காக்கினால் எலக்ட்ரானும் துளையும் நடமாட இடமில்லாமல் நெருக்கப்படும். நெருக்கினால் ஆற்றல் ஏறும். சுமார் 6 நானோமீட்டரில் சிவப்பு, இரண்டரையில் பச்சை, 2 பக்கம் வந்தால் நீலம். அணுக்கணக்கில் சொன்னால் 5 நானோமீட்டர் துணுக்கில் கிட்டத்தட்ட 2,400 அணு. அளவு பாதியானால் அதில் எட்டில் ஒரு பங்கு, 300.

ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி ஏறுகிறதே, அதே தத்துவம்.

26 செப்டம்பர்

சரி சரி, நான்கு பேர் சேர்ந்து அடிக்க வேண்டாம். ஜலதரங்கத்தில் தண்ணீர் கூடினால் சுருதி *இறங்கும்*. வாசிக்கிறவரே வந்து சொல்லிவிட்டார். அங்கே அதிர்வது கிண்ணம், தண்ணீர் அதற்குப் பாரம். நான் சொல்லியிருக்க வேண்டியது குழாயடிக் குடம். குடம் நிறைய நிறைய உள்ளே காற்றுக்கு இடம் சுருங்கி, சத்தம் மேலே மேலே போகும். எங்கள் அம்மா சமையலறையில் இருந்துகொண்டே "நிறைஞ்சிடுச்சு, மூடு" என்பார். இடம் சுருங்கினால் சுருதி ஏறும், டாட் சுருங்கினால் நிறம் நீலப் பக்கம் போகும்.

28 செப்டம்பர்

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை. பழைய சிடி ஒன்றும் செருப்பு டப்பா ஒன்றும் எடுங்கள். டப்பாவின் ஒரு பக்கத்தில் இரண்டு பிளேடுகளை அருகருகே ஒட்டி, தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் விடுங்கள். எதிர்ப்பக்கத்தில் சிடித் துண்டைச் சாய்த்து வைத்து, போன் கேமராவுக்கு ஒரு ஓட்டை. டிவியில் வெள்ளைத் திரை போடச் சொல்லி கீறலை அதன் பக்கம் காட்டுங்கள். சாதா எல்இடி டிவி என்றால் நீலக் கோடு ஒன்று, அப்புறம் பச்சையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு வழியாகச் சிவப்புவரை இழுபட்ட ஒரே வானவில். டாட் தாள் இருந்தால் மூன்று தனித்தனிப் பட்டை, நடுவில் இருட்டு.

அந்த இருட்டுக்குத்தான் காசு. சாதா வெள்ளை எல்இடியில் இருப்பது மஞ்சள் பாஸ்பர், நீல ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும் பூச்சு, அது ஒளியை அகலமாகச் சிதறவிடும். மஞ்சளும் ஆரஞ்சும் எல்சிடியின் பச்சை, சிவப்பு வடிகட்டிகளுக்குள் நுழைந்து நிறத்தை வெளுக்கும். டாட்டின் பட்டை 30, 40 நானோமீட்டர் அகலம்தான். சுத்தமான சிவப்பு வேண்டுமென்றால் அந்த ஒடுக்கம் வேண்டும்.

நான் பிழைப்புக்குச் செய்வது எல்இடி விளக்கு வேலை. கடைக்குப் போகும்போது இந்த டப்பாவைக் கொண்டுபோய் ஒரு முறை வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சாமர்த்தியம்.

4 அக்டோபர், மாலை 4 மணி

நம் கேள்வி-பதில் இழை களைகட்டிவிட்டது! மூன்றே கால் மணிக்கு வேதியியல் நோபல் அறிவித்தார்கள். குவாண்டம் டாட்டுக்கு. மவுங்கி பவேண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ். இதில் கூத்து, அறிவிப்புக்குப் பல மணி நேரம் முன்பே பரிசை முடிவுசெய்யும் ஸ்வீடன் அகாடமி தவறுதலாக மின்னஞ்சல் அனுப்பி, ஸ்வீடன் பத்திரிகைகள் மூன்று பேரையும் போட்டுவிட்டன.

4 அக்டோபர், இரவு

கொஞ்சம் நிதானமாக. எகிமோவ் லெனின்கிராட்டில் கண்ணாடியை ஆராய்ந்தவர். செப்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரிவரை, 1 மணியிலிருந்து 96 மணிவரை விதவிதமாகச் சூடாக்கினார். உள்ளே விளைந்த படிகங்கள் சிறியதில் 2 நானோமீட்டர், பெரியதில் 30. சிறியவை நீலப் பக்கம் நகர்ந்த ஒளியை உறிஞ்சின. 1981இல் சோவியத் இதழ் ஒன்றில் எழுதினார். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த புரூஸுக்கு அது தெரியாது. அவர் காட்மியம் சல்பைடுத் துகள்களைக் கரைசலில் செய்து மேசையில் வைத்திருந்தார், கொஞ்ச நாளில் நிறத்தன்மை மாறியிருந்தது. வைத்த இடத்திலேயே துகள் வளர்ந்திருக்கிறது. புதிதாகச் செய்து ஒப்பிட்டார்: புதியது நாலரை நானோமீட்டர், பழையது பன்னிரண்டரை. 1983இல் வெளியிட்டார்.

எனக்குப் பிடித்தது அந்த மேசைதான். நாமாக இருந்தால் கெட்டுப்போச்சு என்று கழுவி ஊற்றியிருப்போம்.

பவேண்டி கல்லூரியில் எழுதிய முதல் வேதியியல் தேர்வில் 100க்கு 20 வாங்கினாராம், வகுப்பிலேயே கடைசி. என் பையனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

5 அக்டோபர்

கண்ணாடி என்றதும் நினைவு வந்தது. பழைய அலங்காரக் கண்ணாடிகள் சிலவற்றின் செக்கச்சிவப்பு, தங்கத்தை நுணுக்கிக் கலந்தது. அதுவும் நானோ, அளவால் நிறம். ஆக குவாண்டம் டாட் நூற்றாண்டுகளாக நம்மிடம் இருந்திருக்கிறது.

8 அக்டோபர்

மேலே எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் அது தப்பு. தங்கம் உலோகம். அதில் ஆற்றல் இடைவெளி, முன்பு சொன்ன அந்த உயர வித்தியாசம், கிடையாது, எலக்ட்ரான்கள் கூட்டமாக ஆடுவதால்தான் அந்தச் சிவப்பு. டாட் இல்லை. நான் தேடிய உதாரணம் பழைய சிக்னல் விளக்குகளின் சிவப்புக் கண்ணாடி. அதில் இருப்பது காட்மியம் சல்பைடு, செலினைடு கலந்த துகள்கள், குறைகடத்தி. ஆனால் அதிலும் பெரும்பாலும் சேர்மானத்தால் வரும் நிறம், அளவால் இல்லை. எகிமோவுக்கும் இந்த வகைக் கண்ணாடியில்தான் கேள்வி பிறந்தது.

11 அக்டோபர்

"நீங்கள் நேரில் செய்து பார்த்திருக்கிறீர்களா, இல்லை படித்துவிட்டு எழுதுகிறீர்களா?" நல்ல கேள்வி. செய்திருக்கிறேன், சொதப்பியும் இருக்கிறேன்.

2009, எம்.எஸ்சி. புராஜெக்ட். காட்மியம் ஆக்சைடு பழுப்புப் பொடி. அதை ஒலியிக் அமிலத்தோடு ஆக்டடெசீன் என்ற எண்ணெய் மாதிரித் திரவத்தில் போட்டுச் சூடாக்கினால், பழுப்பு மறைந்து தண்ணீர் மாதிரித் தெளியும். 225 டிகிரியில் நிறுத்த வேண்டும். இன்னொரு குப்பியில் செலினியம், டிரைஆக்டைல்பாஸ்பீனில் கரைத்தது. அதன் நாற்றம் சட்டையில் ஏறினால் பஸ்ஸில் பக்கத்துச் சீட் காலியாகவே வரும். இந்தச் செலினியத்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒரே அழுத்தில் உள்ளே பீய்ச்ச வேண்டும். அடுத்த நொடியிலிருந்து நிறம் ஏறத் தொடங்கும். ஒருவர் கடிகாரம் பார்த்து "பத்து, இருபது, முப்பது" என்று சொல்ல, இன்னொருவர் பிப்பெட்டில் உறிஞ்சி உறிஞ்சிக் குளிர்ந்த குப்பிகளில் விட வேண்டும். குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். மூன்றே நிமிடத்தில் ஒன்பது குப்பி. முதலாவது வெளிர் எலுமிச்சை, கடைசி செம்பருத்தி. ஊதா டார்ச் அடித்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று வரிசையாக எரியும்.

எரிய *வேண்டும்*. நான் பயந்துவிட்டேன். 225 டிகிரி எண்ணெய், தெறித்தால் முகம். சிரிஞ்சை மெதுவாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நிறம் வந்தது, ஆனால் நிறமாலை எடுத்தபோது பட்டை குண்டாக, திண்டு மாதிரி. கைடு பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "வீட்டில் தாளித்ததே இல்லையா?" காய்ந்த எண்ணெயில் கடுகை ஒரே கையாகப் போட்டால் எல்லாம் ஒன்றாக வெடிக்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் முதல் கடுகு கருகும்போது கடைசிக் கடுகு பச்சையாக இருக்கும். விதைப் படிகங்கள் எல்லாம் ஒரே கணத்தில் பிறந்தால்தான் ஒரே அளவில் வளரும். 1993இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பவேண்டியும் மாணவர்களும் கண்டுபிடித்ததன் உயிர்நாடி இந்த ஒரு பீய்ச்சல். அவர்கள் டைமெதில்காட்மியத்தை வைத்து 300 டிகிரியில் செய்தார்கள். தானாகத் தீப்பிடிக்கிற சாமான் அது. நான் ஒலியிக் அமிலத்துக்கே நடுங்கினேன்.

இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்து. வந்தது. ஆனால் எங்கள் குப்பிகள் எல்லாமே மங்கல்தான். துணுக்கு சிறியது என்றால் பாதி அணு மேற்பரப்பில் நிற்கும், பிணைப்பு பாதியில் அறுந்து. எலக்ட்ரான் அந்தக் குழியில் விழுந்தால் ஒளி வராது, சூடுதான். அதற்குத்தான் மேலே துத்தநாக சல்பைடு ஓடு கட்டுவார்கள். 1996இல் அந்த ஓட்டைக் கட்டியபோது ஒளித்திறன், அதாவது விழுங்கிய ஃபோட்டான்களில் ஒளியாகத் திரும்பும் பங்கு, 50 சதவீதத்துக்கு ஏறியது. ஓடு கட்ட எங்களுக்கு நேரமும் இல்லை, நைட்ரஜன் சிலிண்டரும் தீர்ந்துபோயிருந்தது.

15 அக்டோபர்

முதல் நாள் "சுத்த ஏமாற்று" என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருடம் எங்கள் பட்டறைக்கு உடைந்த பேனல் ஒன்று வந்தது, பிரித்துப் பார்த்தோம். தாள்களுக்கு நடுவே இளமஞ்சளாக ஒன்று. நீல எல்இடியின் மேல் பிடித்தால் பளீரென்று வெள்ளை. கத்தரிக்கோலால் ஒரு சதுரம் வெட்டி மேசை இழுப்பறையில் போட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்து அதே நீல விளக்கில் பிடித்தால் நடுவில் வெள்ளை, வெட்டிய நாலு ஓரத்திலும் நீல விளிம்பு. வெட்டிய வாய் வழியாகக் காற்றும் ஈரமும் புகுந்து ஓரத்து டாட்டைக் கொன்றிருக்கின்றன. மேலும் கீழும் காற்றுத் தடுப்புப் படலம் வைத்துத் தைத்த சாண்ட்விச் அது. அந்த ஒரு தாளில் இருக்கும் உழைப்பைப் பார்த்தவன் ஏமாற்று என்று சொல்லக் கூடாது. தாள் நேர்மையானது, பெயர்தான் பொய்.

மின்சாரத்தால் நேரடியாக எரியும் டாட் எல்இடி ஆய்வகத்தில் 1994இலேயே வந்துவிட்டது. 2019இல் காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு டாட்டின் சிவப்பு 21.4 சதவீதம் வெளித்திறனைத் தொட்டது, அதாவது நூறு எலக்ட்ரான் உள்ளே போனால் 21 ஃபோட்டான் வெளியே. 2020இல் காட்மியம் இல்லாத நீலம் 20.2 சதவீதம். எண் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நீலத்தின் பிரகாசம் பாதியாகக் குறைய ஆகும் காலம் 15,850 மணி, அதுவும் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்ற மங்கல் வெளிச்சத்தில். தினம் ஆறு மணி நேரம் என்றால் ஏழே கால் வருடம். டிவி அதைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிய வேண்டும், ஆயுள் அந்தப் பல மடங்கைவிட வேகமாகச் சரியும். சிவப்பும் பச்சையும் தயாராகி வாசலில் நிற்கின்றன, நீலம் இன்னும் சீவி முடிக்கவில்லை.

க்யூடி-ஓஎல்இடி என்று 2022இலிருந்து வருவது வேறு. அதில் நீலம் ஓஎல்இடி, அது தானாகவே எரியும். அதன் மேல் ஒவ்வொரு சிவப்பு, பச்சைப் புள்ளிக்கும் டாட்டை இங்க்ஜெட் மாதிரி அச்சடிக்கிறார்கள். அங்கேயும் டாட்டுக்குச் சில்லறை மாற்றும் வேலைதான்.

22 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை என்று பரணைச் சுத்தம் செய்தேன். ஒன்பது குப்பிகளும் கிடைத்தன! செய்தித்தாளில் சுற்றி, புராஜெக்ட் நோட்டோடு, டின்னுக்குள். லேபிளில் என் கையெழுத்து: 10 வி, 20 வி, 40 வி. வி என்றால் வினாடி. கள்ளநோட்டுப் பார்க்கும் டார்ச்சை எடுத்து, கதவைச் சாத்தி, அடித்துப் பார்த்தேன். ஆறு குப்பி செத்துவிட்டது. இரண்டு லேசாக, பழைய ரேடியோ டயல் மாதிரி. கடைசிக் குப்பி மட்டும் உருப்படியாக எரிகிறது. ஆனால் நோட்டில் "ஆரஞ்சு" என்று எழுதியிருக்கிறேன், எரிவது மஞ்சள்.

இரவு: யோசித்தேன். 14 வருடத்தில் மேற்பரப்பு ஆக்சைடாகியிருக்கும். அந்த ஓரம் இனி செலினைடு இல்லை, உள்ளே மிஞ்சிய துணுக்கு சிறியதாகிவிட்டது. சிறியதானால் நிறம் நீலப் பக்கம் நகரும். ஆரஞ்சுக்கு அடுத்த வீடு மஞ்சள். புரூஸின் மேசையில் துகள் வளர்ந்தது, என் பரணில் தேய்ந்திருக்கிறது.

22 அக்டோபர், இன்னும் இரவு

பெரிய துகள்கள் அடியில் படிந்துவிட்டு மேலே சிறியவை மட்டும் எரிகின்றனவோ என்றும் சந்தேகம். நன்றாகக் குலுக்கி மறுபடி பார்த்தேன். ஆரஞ்சு வரவில்லை.

23 அக்டோபர்

திட்டு விழுந்துகொண்டிருக்கிறது. "குழந்தை இருக்கும் வீட்டில் காட்மியமா?" ஆமாம், காட்மியம் விஷ உலோகம். மூடியைத் திறக்கவில்லை, ஆனாலும் நியாயம். சாக்கடையில் ஊற்றச் சொன்னவருக்கு: அதை மட்டும் செய்யக் கூடாது.

30 அக்டோபர்

காட்மியம் பற்றி. ஐரோப்பாவில் மின்சாதனத்தின் ஒரே சீரான எந்தப் பொருளிலும் எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது பொது விதி. நம் நாட்டு மின்கழிவு விதிகளிலும் அதே எண். 2013இல் வந்த முதல் டாட் டிவிகளில் காட்மியம் இருந்தது. நிறத்துக்கு அதுதான் ராஜா, பட்டை 25, 30 நானோமீட்டருக்குள் நிற்கும். பிறகு இண்டியம் பாஸ்பைடுக்கு மாறினார்கள். அது கொஞ்சம் அகலம், காற்றில் சீக்கிரம் ஆக்சைடாகும், செய்வதும் கஷ்டம். 2015இல் ஜூரிக்கில் சீசியம் லெட் புரோமைடு துணுக்குகள் வந்தன, பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகை. ஓடே கட்டாமல் 90 சதவீதம்வரை ஒளித்திறன், ஒடுங்கிய பட்டை. எல்லோரும் துள்ளினார்கள். பெயரில் இருக்கும் லெட் என்பது ஈயம்.

6 நவம்பர்

குப்பிகளைப் பழைய டிபார்ட்மெண்டில் ஒப்படைத்துவிட்டேன். கைடு ஓய்வு பெற்றுவிட்டார். கன உலோகக் கழிவு என்று எழுதிய நீல டிரம்மைக் காட்டினார்கள். அங்கே இருந்த ஆராய்ச்சி மாணவி, போடுவதற்கு முன் ஆசைக்கு ஒன்றை வாங்கி மெஷினில் வைத்துப் பார்த்தாள். 40 வி குப்பி. மானிட்டரில் கோடு எழுந்தது, படுத்த மாதிரி ஒரு மேடு. "அண்ணா, இது எந்த முறை? ஏன் இவ்வளவு அகலம்?" என்றாள். இரண்டாவது முறை செய்த நல்ல குப்பிகள் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டினால் தேதி முதல் முறையினுடையது. நல்ல செட்டை அப்போதே கைடு வாங்கி வைத்துக்கொண்டார் போல. "சிரிஞ்சை மெதுவாக விட்டுவிட்டேன்மா" என்றேன்.

13 நவம்பர்

தீபாவளி முடிந்தது. கேள்வி கேட்டவர் கடைசியில் வாங்கிவிட்டார், வேறு கம்பெனி, அட்டைப்பெட்டியில் பெரிதாகக் "குவாண்டம்". செருப்பு டப்பா செய்து படமும் அனுப்பியிருக்கிறார், கீறல் என்னுடையதைவிட நேர்த்தி. நீலம், இருட்டு, பச்சை, இருட்டு, சிவப்பு. மூன்று பட்டை, ஜெயித்தோம் என்று எழுதியிருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு ஒரு பட்டையாக இல்லை, ஊசி மாதிரி மெல்லிய கோடுகள், 631 நானோமீட்டர் அருகில் ஒன்று தூக்கலாக. டாட் அப்படி எரியாது. அது பொட்டாசியம் ஃப்ளுரோசிலிகேட்டில் மாங்கனீசு கலந்த பாஸ்பர், அதன் கையெழுத்து அந்தக் கோடுகள். மூன்று பட்டை என்றால் டாட் என்று 28ஆம் தேதி நான் எழுதியது முழுதாகச் சரியில்லை, மன்னிக்கவும். சிவப்பு நல்ல சிவப்புதான், சொல்லப்போனால் டாட்டைவிட ஒடுக்கம். படம் நன்றாக இருக்கும், தைரியமாகப் பாருங்கள். பெட்டியை மறுபடி படித்தீர்களா? "குவாண்டம்" இருக்கிறது. "டாட்" என்று எங்கேயும் இல்லை.